கணக்கை விட்டுவிடாதீர்கள்: மீஞ்சூர்க் கரையிலிருந்து வானிலைத் துறைக்கு

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் காற்றையும் மழையையும் பற்றி ஆர்வமாகப் பேசுகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ வளர்கிற பிள்ளைக்கு வாடை எப்போது எழும், முகத்துவாரம் எப்போது மண் மூடும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. இதையே கல்லூரியில் படிக்க முடியுமா, படித்தால் வேலை உண்டா என்று கேட்கிறவர்களுக்காக இந்த அத்தியாயம்.

முடியும். வேலையும் உண்டு. ஆனால் இந்த ஆசை உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. அது பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாள். பத்தாவதில் கணக்கில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்துவிட்டால், "கணக்கு வேணாம்மா, கஷ்டம். கணக்கு இல்லாத குரூப்பா பார்த்து எடுத்துக்க" என்று வீட்டில் யாராவது நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அன்று விட்ட கணக்கு, பட்டம் முடித்து வேலைக்கு விண்ணப்பிக்க உட்காரும்போது குறுக்கே வந்து நிற்கும்.

எப்படி என்று சொல்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் என்றொரு பணி இருக்கிறது. சாதாரண பி.எஸ்ஸி. பட்டத்தோடு அந்தத் துறைக்குள் நுழைய இதுதான் முக்கியமான வழி. பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. 2022-ல் இந்தப் பணிக்கு 990 இடங்களை அறிவித்தது. கேட்ட தகுதி, இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. அல்லது கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், கணினிப் பயன்பாடு ஆகியவற்றில் பட்டம் அல்லது மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்பில் டிப்ளமோ. எதுவானாலும் முதல் வகுப்பு, 60 விழுக்காடு. அதற்கு மேல் இன்னொரு வரியும் இருந்தது: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் முதன்மைப் பாடங்களாக இருந்திருக்க வேண்டும். பட்டத்தில் 90 விழுக்காடு வாங்கியிருந்தாலும் அந்த வரி பொருந்தாவிட்டால் விண்ணப்பம் செல்லாது. விமானப்படையின் வானிலைப் பிரிவும் ஏறக்குறைய அப்படித்தான்.  அங்கும் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். பதினொன்றில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கிறது என்றால் தலைமை ஆசிரியரைப் பார்த்து குரூப் மாற்றிக் கேளுங்கள். பன்னிரண்டு முடித்துவிட்டவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதலாம். அது நீங்கள் குறிவைக்கும் வேலைக்குச் செல்லுபடியாகுமா என்று அந்த வேலையின் பழைய அறிவிப்பை எடுத்துப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொரு வழி வேளாண்மை. உயிரியல் படித்தவர்கள் பி.எஸ்ஸி. வேளாண்மையில் சேர்ந்து, பிறகு கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியலில் முதுநிலை படிக்கலாம். பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அது வானிலைப் படிப்பு கிடையாது என்றாலும், கடலோடு நெருங்கிய வேலை வேண்டும் என்பவர்களுக்கு நல்ல இடம்.

டிவியில் மழை சொல்கிற வேலையா?

"ஏம்மா, இதப் படிச்சுட்டு டிவியில நின்னு மழை வருது மழை வருதுன்னு சொல்லப் போறியா?" என்று அப்பா கேட்டால் கோபப்படாதீர்கள். வெளியே தெரிகிற முகம் அது ஒன்றுதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தில் செய்தியாளர்களிடம் பேசுகிறவர் ஒருவர். அவர் பேசும் ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இரவு பகலாக வேலை செய்கிறவர்கள் பலர்.

அதிகாலையிலும் மாலையிலும், இந்திய நேரம் 5:30 மணி அளவீட்டுக்காக, மீனம்பாக்கத்தில் ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஒன்று மேலே விடப்படுகிறது. அதில் தொங்கும் சிறிய கருவி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே ஏறும். 30 கி.மீ. உயரம் போலப் போய் பலூன் வெடிக்கும். உலகம் முழுவதும் இதே நேரத்தில் நூற்றுக்கணக்கான பலூன்கள் ஏறுகின்றன. அந்தக் கருவியைச் சோதித்துக் கட்டிவிடுகிறவர், சென்னைத் துறைமுகத்தருகே உள்ள டாப்ளர் ரேடாரைப் பராமரிக்கிறவர், விமான நிலையத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஓடுபாதையின் காற்றையும் பார்வைத் தூரத்தையும் குறித்து விமானிகளுக்கு அனுப்புகிறவர், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் எந்த எண் கூண்டு ஏற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையைத் தயாரிக்கிறவர், விவசாயிகளுக்கு வட்டார வாரியாகப் பயிர் ஆலோசனை எழுதுகிறவர், கணினி மாதிரியின் கணக்கு நிரலை எழுதுகிறவர் எல்லோரும் வானிலைத் துறையினர்தான்.

அன்னா மாணி பெயரை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது சாதாரண கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி அவற்றை இங்கேயே செய்ய வைத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். மழையைப் பற்றி அறிவிப்பு சொல்வதற்கு முன்னால் மழையைச் சரியாக அளக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்த மனிதர். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை சரிவருமா என்று தயங்கும் பெற்றோர்களிடம் அவருடைய வாழ்க்கையைச் சொல்லுங்கள்.

படிப்புக்குள் என்ன இருக்கிறது

பெயரைக் கேட்டால் மேகங்களின் படம் பார்த்துப் பெயர் சொல்கிற படிப்பு போலத் தோன்றும். அடிப்படையில் இது இயற்பியல்; அதை நடத்திச் செல்வது கணிதம். இதைப் பழவேற்காட்டிலேயே நின்று புரிந்துகொள்ளலாம்.

வங்கக் கடலில் ஒரு புயல் மேற்கு நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரையில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். நம் வட அரைக்கோளத்தில், தாழ்வழுத்த மையம் அப்போது உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால் வருகிற விளைவு இது. இப்போது காற்றின் திசை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முதலில் வடகிழக்கிலிருந்து வீசி, பிறகு கிழக்காகி, பிறகு தென்கிழக்காக மாறினால் புயல் உங்களுக்குத் தெற்கே கரையைக் கடக்கிறது. வடக்கு, வடமேற்கில் தொடங்கி மேற்காகித் தென்மேற்காக மாறினால் வடக்கே கடக்கிறது.

இந்த இரண்டுக்கும் ஏரிக்கரையில் விளைவு வேறு வேறு. தெற்கே கடக்கும்போது காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். கடல்நீர் உயர்ந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் தள்ளும். அதே நேரத்தில் ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் அது வடிவதற்கு இடம் கிடைக்காது. தாழ்வான குடியிருப்புகளில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறும். வடக்கே, நெல்லூர்ப் பக்கமோ பாபட்லாப் பக்கமோ கடந்தால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரத்தில் கடல் உள்வாங்கினாற்போல இருக்கும். அப்போது மழைதான் பிரச்சினையாக இருக்கக்கூடும்.

ஊரில் வயதான மீனவர்கள் பலருக்கு இந்தத் திசைமாற்றம் அனுபவத்தில் தெரியும். கல்லூரியில் கற்றுத் தருவது அது ஏன் அப்படி நடக்கிறது என்பதை: அழுத்த வேறுபாடு காற்றை எவ்வளவு இழுக்கிறது, பூமியின் சுழற்சி அதை எவ்வளவு வலப்பக்கம் திருப்புகிறது, தரையின் உராய்வு எவ்வளவு தடுக்கிறது, இந்த மூன்றையும் சமன்பாட்டில் எழுதி அடுத்த ஆறு மணி நேரத்தில் மையம் எங்கே இருக்கும் என்று எண்ணாகச் சொல்வது எப்படி. அந்தச் சமன்பாடுகள் வகை நுண்கணிதத்தில் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் வருகிற திசையன்கள், வகையீடு, தொகையீடு ஆகிய மூன்று பாடங்களும்தான் அவற்றின் அடித்தளம். (காற்றின் திசையை வைத்துப் புயலைக் கணிப்பது படிப்பதற்கு மட்டும். கடலுக்குப் போகலாமா என்பதை வானிலைத் துறையும் மீன்வளத் துறையும் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

இன்னொரு பாடத்தை 2023 டிசம்பர் நமக்குக் காட்டியது. மிக்ஜாம் புயல் பாபட்லாவுக்கு அருகே 5-ம் தேதிதான் கரையைக் கடந்தது. சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் 3, 4 தேதிகளிலேயே மூழ்கின. புயல் நம்மூரில் கரையைக் கடக்கவே இல்லை; கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தது, அவ்வளவுதான். மணிக்கு எவ்வளவு மழை என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதும் சேர்ந்துதான் வெள்ளம் உண்டாகிறது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா இதற்கு நேர் மாறு. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் காற்று வீசி மரங்களைச் சாய்த்துவிட்டு விரைவாக உள்ளே போய்விட்டது. இரண்டு புயல்களுக்கும் ஒரே எச்சரிக்கை போதாது. எந்த ஆபத்து முதலில் வரும் என்று பிரித்துச் சொல்வதுதான் கணிப்பாளரின் திறமை.

தவறிப்போகும் கணிப்புகளையும் பேச வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் சேர்ந்தால் அதைத் தாங்க வேண்டிவரும். 2024 அக்டோபர் 16-க்கு சென்னை, திருவள்ளூர் உட்பட நான்கு மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். அன்று சென்னையில் அந்த அளவுக்குப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை வட சென்னைக்கு அருகேதான் கடந்தது. மழைப் பட்டை சற்று வடக்கே தள்ளிப்போயிருந்தது. ஐம்பது, நூறு கி.மீ. விலகல் வரைபடத்தில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் வலையைக் கட்டி வைத்துவிட்டு ஒரு நாள் வருமானத்தை விட்ட குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது அந்தக் குடும்பம் அதை நம்ப வேண்டும். ஏரிக்கரை வாழ்க்கை தெரிந்த ஒருவர் அந்த அறிக்கையை எழுதும் இடத்தில் இருந்தால், "கனமழை வாய்ப்பு" என்ற பொதுச் சொல்லோடு நிறுத்தாமல், முகத்துவாரம் திறந்திருக்கிறதா, எந்தக் குப்பத்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்பதையும் சேர்த்து யோசிப்பார். உங்களை இந்தத் துறைக்கு அழைப்பதற்கு எனக்குள்ள முதல் காரணம் இதுதான்.

கணினி மாதிரிகள் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் கணிப்பு முறையில் ஒரு கட்டம் 6 கி.மீ.; அதற்கு முன் 12 கி.மீ. இருந்தது. ஏரியின் குறுகிய பகுதிகளும் கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள மணல் திட்டும் அந்த 6 கி.மீ. கட்டத்துக்குள்ளும் கரைந்துவிடும். இதைச் சரிசெய்கிற ஆய்வுக்கு இன்னும் ஆள் வேண்டும்.

பன்னிரண்டுக்குப் பிறகு

வானிலையியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலும் முதுநிலையில்தான் இந்தப் பாடம் தனியாகத் தொடங்குகிறது. அதுவரை பி.எஸ்ஸி. இயற்பியல்தான் மிக நல்ல தேர்வு. அடுத்தது கணிதம், ஆனால் இயற்பியலைத் துணைப்பாடமாக எடுத்திருக்க வேண்டும். பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசினர் கல்லூரி இருக்கிறது. மீஞ்சூரிலிருந்து புறநகர் ரயிலேறினால் சென்னைக் கல்லூரிகளுக்கும் போய்வரலாம். பெரிய பெயருள்ள கல்லூரியில் வேறு பாடம் கிடைப்பதைவிட, அரசுக் கல்லூரியில் இயற்பியல் கிடைப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ரயில் பாஸுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் இருப்பவர்கள் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பைப் பார்க்கலாம். திருப்பதி ஐசரில் புவி மற்றும் காலநிலை அறிவியல் துறை இருக்கிறது. ஏர்ப்பேட்டில் உள்ள அதன் வளாகம் நமக்குத் தொலைவு இல்லை. சேர்க்கை ஐசர் தகுதித் தேர்வு வழியாக. பொறியியல் படிக்கிறவர்களும் வரலாம். இயந்திரவியல், கட்டடவியல், கணினி படித்துவிட்டு வளிமண்டல ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லா நிறுவனங்களிலும் உண்டு.

கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் வகுப்புக்கு வெளியே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பைத்தான் நிரல்மொழி. இன்றைக்கு வானிலைத் தரவைக் கையில் எடுத்து வைத்து யாரும் படம் வரைவதில்லை. வானிலைத் துறை 1901-லிருந்து நாடு முழுவதுக்குமான தினசரி மழைத் தரவைக் கட்டக் கோப்பாக இலவசமாகத் தருகிறது. ஐரோப்பிய மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தரவு 1940-லிருந்து மணி வாரியாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியில் பொன்னேரி வட்டாரத்தின் நூறாண்டு வடகிழக்குப் பருவமழையை வரைந்து பார்க்கலாம். அப்படி ஒரு வரைபடத்தைச் சொந்தமாகச் செய்த மாணவருக்கு முதுநிலை நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். இரண்டாவது ஆங்கிலம். தமிழ்வழியில் படித்தவர்கள் இதில் தயங்கத் தேவையில்லை. இயற்பியல் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வந்தால் ஓராண்டில் பழகிவிடும். எஸ்.எஸ்.சி.யின் 2022 தேர்வில் 200 கேள்விகளில் 100 பொது அறிவு, கணக்கு, ஆங்கிலம், தர்க்கம். மீதி 100 இயற்பியல் அல்லது கணினி அல்லது மின்னணுவியல். வினாத்தாள் தமிழில் இல்லை.

முதுநிலை எங்கே

முதலில் இரண்டு பழைய, நம்பகமான இடங்கள். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் மற்றும் பெருங்கடலியல் துறை. கொச்சியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியல் துறை. இரண்டிலும் எம்.எஸ்ஸி. வானிலையியல் படிக்கலாம். கட்டணம் தாங்கக்கூடியது. கடற்கரை நகரங்கள் என்பதால் நம் பிள்ளைகளுக்கு ஊரும் அந்நியமாக இருக்காது. சென்னையில் பிறந்த டி.என். கிருஷ்ணமூர்த்தி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில்தான் முதுநிலை படித்தார். பிறகு சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, ஃபுளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்தில் பருவமழை, புயல் கணிப்பில் உலகப் பெயர் பெற்றார்.

ஐ.ஐ.டி.க்களில் டெல்லி, காரக்பூர், புவனேஸ்வர் ஆகிய மூன்றிலும் வளிமண்டல, கடல் அறிவியல் மையங்கள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல மற்றும் கடல் அறிவியல் மையம் ஆராய்ச்சிக்கு மிகச் சிறந்தது. இவற்றுக்கு ஜாம் அல்லது கேட் தேர்வு எழுத வேண்டும். கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளுக்குள் வளிமண்டல மற்றும் பெருங்கடல் அறிவியல் என்று ஒரு பிரிவே இருக்கிறது; பலர் இது தெரியாமல் வேறு தாள் எழுதிவிடுகிறார்கள். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் படிப்பில் இளநிலை ஆய்வாளருக்கு 2023-லிருந்து 37,000 ரூபாய். வீட்டுக்குப் பாரமாக இருந்துவிடுவோமோ என்று கவலைப்படுகிற பிள்ளைகள் இந்தத் தொகைகளை அப்பா அம்மாவிடம் எழுதிக் காட்டுங்கள்.

விடுமுறை ஆய்வுப் பணிக்கு நம் பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். வங்கக் கடலில் மிதவைகளை நிறுத்தி அலை, காற்று, நீரின் வெப்பத்தை அளக்கிறவர்கள் அவர்கள்தான். அதே ஊரில் தேசியக் காற்றாலை ஆற்றல் நிறுவனமும் இருக்கிறது. திருப்பதி அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் பெரிய ரேடார். ஏரிக்கு அக்கரையிலேயே ஸ்ரீஹரிகோட்டா; ராக்கெட் ஏவுவதற்கு முன் மேல்காற்றையும் இடிமேகத்தையும் கணிக்க அங்கே தனி வானிலைப் பிரிவு இயங்குகிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு ஆறு மாதம் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள்.

வேலைகள், உள்ளபடி

அறிவியல் உதவியாளருக்குச் சம்பள நிலை 6, அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்கும். விஞ்ஞானி பி நிலையில் 56,100. ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. 2022-க்கு முந்தைய பெரிய அறிவிப்பு 2017-ல் வந்தது. இதை ஒன்றையே நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. பணியிடம் லே, மினிக்காய், அந்தமான் என்று எங்கும் இருக்கலாம். பொங்கல், தீபாவளி பார்க்காத ஷிஃப்ட் வேலை. எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் புயல் இரவில் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள்.

புவி அறிவியல் அமைச்சகத்தின் மற்ற நிறுவனங்களையும் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மீன் கூடும் இடங்களையும் அலை உயரத்தையும் சொல்கிறது. நம் மீனவர்களின் கைபேசிக்கு வருகிற கடல் நிலைத் தகவல்களில் பல அங்கிருந்து வருபவை. புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், நொய்டாவில் நடுத்தர கால முன்கணிப்பு மையம். இங்கெல்லாம் திட்ட உதவியாளர், திட்ட விஞ்ஞானி என்று ஒப்பந்தப் பணிகள் அடிக்கடி வரும். நிரந்தரம் கிடையாது, ஆனால் இரண்டாண்டு அனுபவம் அடுத்த வேலையை எளிதாக்கும்.

தனியாரில் வேகமாக வளர்கிற பிரிவு காற்றாலை, சூரியமின் கணிப்பு. மின்சாரம் எவ்வளவு வரும் என்று ஒரு நாளைப் பதினைந்து நிமிடக் கூறுகளாக, 96 கூறுகளாகப் பிரித்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறினால் நிறுவனம் அபராதம் கட்டும். தமிழ்நாட்டில் காற்றாலைகள் அதிகம் என்பதால் இங்கேயே வேலை கிடைக்க வாய்ப்புண்டு. பயிர்க் காப்பீடு, கப்பல் பாதை ஆலோசனை, வெள்ள மேலாண்மை ஆகியவற்றிலும் இடம் இருக்கிறது. மூன்றுக்கும் தேவை நிரல் எழுதத் தெரிந்த வானிலைப் பட்டதாரி.

கடற்கரை ஊரிலிருந்து அந்த உயரத்துக்குப் போக முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2019-ல் வானிலைத் துறையின் தலைமை இயக்குநரான மிருத்யுஞ்ஜய் மகாபாத்ரா, ஒடிசாவின் பத்ரக் மாவட்டத்துக்காரர். உத்கல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நல்ல கணிப்பு என்ன செய்யும் என்பதையும் அதே மாநிலத்தில் பார்க்கலாம். 1999 ஒடிசாப் பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கடற்கரையைத் தாக்கிய ஃபைலின் புயலில் உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. சரியான கணிப்பும் நேரத்தில் நடந்த வெளியேற்றமும் சேர்ந்து செய்த வேலை.

இன்றைக்கே ஒரு நோட்டு

நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாலும் இதைத் தொடங்கலாம். ஒரு பிளாஸ்டிக் புனல், அதன் வாய்க்கு அடியில் ஒரு பாட்டில், ஓர் அளவுக் குவளை. உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்துவிடும், அதனால் பிளாஸ்டிக். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, ஆடாமல் நட்டு வையுங்கள். தினமும் காலை 8:30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கிற அதே நேரத்தில், பாட்டில் தண்ணீரை அளங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 78.5 சதுர செ.மீ. அதில் 100 மி.லி. சேர்ந்திருந்தால், 100-ஐ 78.5 ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 12.7 மி.மீ. மழை. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள். வெற்று இடம் பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் முதல் மே வரை கடற்காற்று எத்தனை மணிக்கு நுழைகிறது என்றும் குறியுங்கள். பகலில் சூடான மேலைக்காற்று நின்று, கிழக்கிலிருந்து குளிர்ச்சியாக முதல் வீச்சு வரும் நிமிடம் கரையில் தெளிவாகத் தெரியும். பழவேற்காட்டில் ஒருவர், மீஞ்சூரில் ஒருவர், இன்னும் உள்ளே ஒருவர் என்று மூன்று நண்பர்கள் ஒரே நாளில் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால், கடற்காற்றின் முனை எவ்வளவு வேகமாக உள்ளே நகர்கிறது என்று கணக்கிடலாம். தூரத்தை நேரத்தால் வகுப்பதுதான். கடற்காற்று தாமதமாக வருகிற நாளில் மீஞ்சூரில் வெயில் எவ்வளவு ஏறுகிறது என்று அதோடு சேர்த்துப் பாருங்கள். மழைக்காலத்தில் சென்னை ரேடார் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் மஞ்சளும் சிவப்புமாகத் தெரிகிற மேகம் உங்கள் ஊருக்கு எத்தனை நிமிடத்தில் வந்தது, புனலில் எவ்வளவு நிரம்பியது என்று எழுதுங்கள். மூன்று பருவமழை இப்படி எழுதிய நோட்டு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்தது கிடையாது.

காகிதங்கள்

நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் தடுமாறுகிற இடம் இது. மீனவச் சமூகத்தைச் சேர்ந்த பலரிடம் மாநில அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் இருக்கும். எஸ்.எஸ்.சி., ஐ.ஐ.டி., மத்திய நிறுவனங்கள் எதிலும் அது மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதிபடைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிட்ட இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தனியாக வேண்டும். வயது வரம்பில் மூன்றாண்டு தளர்வும் இடஒதுக்கீடும் அதை வைத்துத்தான் கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஐந்தாண்டு தளர்வு. இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழே இன்னும் வாங்காத பிள்ளைகள் இருந்தால், பள்ளியில் படிக்கும்போதே தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு தொடங்கிவிடுங்கள். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் பின்தொடர வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு அப்பா, அம்மா வருமான விவரம் கேட்பார்கள். அது எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அறிவிப்பும் சொல்லும். பழைய தேதி என்றால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் பெயரும் தந்தை பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் பள்ளியில் சொல்லித் திருத்திவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்துவது நீண்ட வேலை.